ட்ரையத்லானும் கடப்பாறை நீச்சலும்

முடிச்சாச்சு மக்களே!

750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 2 மணி 13 நிமிஷம். கடைசியிலிருந்து ரெண்டாவது. எனக்குப் பின்னாடி வந்தவருக்கு வயசு அறுபத்தொண்ணு, அதுவும் அவர் நடுவழியில பஞ்சர் ஒட்டிட்டு வந்தார். ஆக, உண்மையில நான் எந்த இடம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க :-)

"வாழ்த்துகள் நண்பரே"ன்னு ஒரு பின்னூட்டம் போட்டுட்டுக் கிளம்பிடாதீங்க. இது "நான் சாதித்த கதை" வகைப் பதிவு இல்ல. சண்டை போடத்தான் வந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ, காபி எதாச்சும் கையில எடுத்துக்குங்க.

யாரோட சண்டை? "யார் வேணும்னாலும் ட்ரையத்லான் பண்ணலாம், மனசு இருந்தாப் போதும்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற கோஷ்டியோட. போன மாசம் வரைக்கும் நானும் அந்தக் கோஷ்டிதான். அதனால எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

கொஞ்சம் முன்கதை

தெரியாதவங்களுக்காக. ட்ரையத்லான்னா நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் நடுவுல கடிகாரம் நிக்காம அடுத்தடுத்து. 1974 செப்டம்பர் 25, அமெரிக்காவுல சாண்டியாகோ பக்கம் மிஷன் பே. அங்கதான் இந்தப் பேர்ல முதல் போட்டி நடந்தது. கலந்துக்கிட்டவங்க 46 பேர். நாலு வருஷம் கழிச்சு, 1978 பிப்ரவரி 18-ல ஹவாய்ல அயர்ன்மேன் ஆரம்பிச்சாங்க. 15 பேர் கிளம்பி 12 பேர் முடிச்சாங்க. அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கப்புறம் ஒரு முழு மாரத்தான். 2000-ல சிட்னி ஒலிம்பிக்ஸ்ல ட்ரையத்லானும் ஒரு போட்டியாச்சு. ஒலிம்பிக் அளவு 1.5, 40, 10. அதுல சரிபாதி எடுத்தா, நான் முடிச்ச 'ஸ்பிரிண்ட்'. பேர்தான் ஸ்பிரிண்ட். நான் போன வேகத்துக்கும் அந்தப் பேருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

ஒரு விஷயம் கவனிங்க. மிஷன் பேயில அன்னிக்கு ஓட்டம் முதல்ல, நீச்சல் கடைசியில. இன்னிக்கு உலகம் பூரா நீச்சல்தான் முதல்ல. களைச்சுப் போன உடம்போட தண்ணியில இறங்கறது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சா இந்த வரிசையோட நியாயம் புரியும். அதாவது, இந்த விளையாட்டோட வரிசையிலேயே தண்ணி மேல ஒரு பயம் இருக்கு. அந்தப் பயம் நம்ம ஆளுங்ககிட்ட இல்ல. அதுதான் என் பிரச்சனை.

எங்க வீட்டுத் தண்ணிக் கதை

எங்க அம்மா ஊரு காவிரிக்கரைப் பக்கம். அப்பிச்சி தோட்டத்துல ஒரு பெரிய கிணறு. அம்மாவோட தம்பி, என் சின்ன மாமா, அந்தக் கிணத்துலதான் நீச்சல் பழகினார். முதுகுல சொரைப்புருடை கட்டிவிட்டு, தள்ளிவிட்டு, தண்ணி குடிச்சு, அழுது, நாலே நாள்ல பழகிட்டாராம். மோட்டார் ரூம் மேல ஏறித் தலைகீழாக் குதிப்பாராம். ஊர்ல அவரை மிஞ்ச ஆளில்லைன்னு அம்மா இன்னிக்கும் சொல்லும்.

பதினேழு வயசுல, ஒரு ஆடிப் பதினெட்டுக்கு, கூட்டாளிகளோட ஆத்துக்குப் போனார். திரும்பி வரல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது இது.

எனக்கு அவர் முகம் போட்டோவுலதான் தெரியும். ஆனா அவர் சாவு என்னை வளர்த்துச்சு. "தண்ணிப் பக்கம் போயிராத சாமி" - எங்கம்மா எனக்குச் சொன்ன முதல் கட்டளையும் கடைசிக் கட்டளையும் அதுதான். சொந்தக்காரங்க தோட்டத்துக்குப் போனா எல்லாப் பசங்களும் கிணத்துல கும்மாளம் போடுவாங்க. நான் மேட்டுல அவனுங்க துணிக்குக் காவல். கொடுமுடிக்குப் போனாக்கூட சொம்புல மொண்டு தலையில ஊத்திட்டுக் கூட்டிட்டு வந்துடும்.

அப்புறம் இன்ஜினியரிங். காலேஜ் புரோஷர்ல நீலக்கலர்ல ஒரு நீச்சல்குளம் இருந்தது. நிஜத்துலயும் இருந்தது, தண்ணி மட்டும்தான் இல்ல. நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை தண்ணி விட்டாங்க, ஏதோ கமிட்டி பார்வையிட வந்தப்ப. ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப, வேற டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை கல்குவாரிக் குட்டையில குளிக்கப் போய்ச் செத்துப்போனான். திங்கக்கிழமை ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் போர்டுல சுற்றறிக்கை: மாணவர்கள் நீர்நிலைகளுக்குச் செல்லக் கூடாது. அவ்வளவுதான். குளம் காய்ஞ்சேதான் கிடந்தது.

எங்கம்மா போட்ட தடையையும் காலேஜ் போட்ட தடையையும் நான் ஒண்ணா வைக்க மாட்டேன். அம்மாவோடது துக்கம். காலேஜோடது சோம்பேறித்தனம்.

ஆக, இருபத்தேழு வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது கடப்பாறை நீச்சல் மட்டும்தான். போட்டா நேரா அடியில.

எட்டு வயசுக் குரு

சென்னையில வேலை. பழைய மகாபலிபுரம் சாலையில ஏசி ரூம்ல பத்து மணி நேரம் உட்கார்ந்து, ராத்திரி பரோட்டா தின்னு, இருபத்தாறு வயசுல 84 கிலோ. டீம்ல ஒருத்தர் ஓட ஆரம்பிச்சார், கூட நானும். ஓட்டம் சைக்கிளாச்சு. சைக்கிள் ட்ரையத்லானாச்சு. பயிற்சிக் குழு ஒண்ணுல சேர்ந்தேன், பேர் வேணாம். முதல் நாளே கேட்டேன், "எனக்கு நீச்சல் சுத்தமாத் தெரியாதே?" பதில்: "அதெல்லாம் ரெண்டு மாசத்துல வந்துடும் பாஸ். நீச்சல் வெறும் 750 மீட்டர்தான். சைக்கிள்லயும் ஓட்டத்துலயும் கவனத்தை வைங்க."

வெறும் 750 மீட்டர்! மொத்த தூரம் 25.75 கிலோமீட்டர். கணக்குப் போட்டா நீச்சல் மூணு சதவீதம்கூட வராது. இன்ஜினியர் மூளைக்கு அது ரொம்ப நியாயமாத் தெரிஞ்சது. மூணு சதவீதத்துக்கு எதுக்கு மெனக்கெடணும்?

அம்மாவோட குரல் காதுல கேட்டுட்டே இருந்ததால, நான் மட்டும் கொஞ்சம் பயந்தேன். அந்தப் பயம்தான் என்னைக் காப்பாத்துச்சு. ரெண்டு மாசம்னு சொன்னதை ஒன்பது மாசம் ஆக்கிக்கிட்டேன்.

காலையில ஆறு மணி பேட்ச். என்கூடக் கத்துக்கிட்டவங்க எல்லாரும் ஆறுல இருந்து பத்து வயசு. தொப்பையோட நான் ஒருத்தன் மட்டும் குட்டைப் பக்கத்துல நின்னுட்டு கம்பியைப் பிடிச்சுக் காலடிச்சிட்டு இருப்பேன். முதல் வாரம் முழுக்க மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சு மூச்சு விடறது மட்டும்தான். கேக்கறதுக்கு எளிசு. மூக்குல ஏறி மண்டை வரைக்கும் சுர்ருன்னு எரியும். ஒரு எட்டு வயசுப் பாப்பா பக்கத்துல வந்து, "அங்கிள், உள்ள மூச்சைப் புடிச்சு வெக்காதீங்க. தண்ணிக்குள்ளயே ஊதி விட்டுடுங்க. அப்பதான் வெளிய வந்ததும் இழுக்க முடியும்"னு சொல்லிக் குடுத்துச்சு. கோச் மூணு வாரமாச் சொன்னது அன்னிக்குத்தான் மண்டையில ஏறிச்சு. நீச்சல்ல பாதி இதுதாங்க. காத்தை இழுக்கறது பிரச்சனையே இல்ல, விடறதுதான் பிரச்சனை. விடாமப் புடிச்சு வெக்கறவன்தான் பதறுவான்.

நாலாவது மாசம் 25 மீட்டர். ஆறாவது மாசம் 200. எட்டாவது மாசக் கடைசியில, ஒரு சனிக்கிழமை, நிக்காம முப்பது லென்த். 750 மீட்டர்! கரையேறி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அந்தப் பாப்பா, "அங்கிள், கண்ணுல குளோரின் போயிடுச்சா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்.

கடல்ல நடந்தது

அந்த ஞாயித்துக்கிழமை. ஈசிஆர், விடிகாலை. கையில மார்க்கர்ல நம்பர் எழுதி, கணுக்கால்ல சிப் கட்டி, சைக்கிளை ஸ்டாண்டுல மாட்டி, அது மேல ஹெல்மெட்டைக் கவுத்து வெச்சு, ஷூவுக்குள்ள சாக்ஸைத் திணிச்சு, எல்லாம் பக்கா. எல்லார் முகத்துலயும் கல்யாண வீட்டுக் களை.

விசில் அடிச்சாங்க. இறங்கினோம்.

முதல் அலை மூஞ்சியில அடிச்சப்பவே ஒண்ணு புரிஞ்சது. நான் ஒன்பது மாசம் பழகினது வேற ஏதோ. குளத்துல அடியில கறுப்புக் கோடு இருக்கும், நேராப் போவோம். இங்க கலங்கின பச்சைத் தண்ணி, என் கையே எனக்குத் தெரியல. குளத்துல 25 மீட்டருக்கு ஒரு சுவர் இருக்கும், தொட்டு ஒரு வாய் மூச்சு வாங்கிக்கலாம். இங்க சுவர் இல்ல, தரையும் இல்ல. முன்னாடி ஒருத்தர் கால் என் தாடையில, பின்னாடி ஒருத்தர் கை என் முதுகுல. மிதவை எங்கன்னு பாக்கத் தலையைத் தூக்கினா அலை மறைக்குது. ஒரு வாய் உப்புத் தண்ணி.

நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். மூச்சு வரல. நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்த மாதிரி. கை கால் நல்லாத்தான் இருக்கு, தெம்பு இருக்கு, ஆனா மூச்சு மட்டும் உள்ள போகவே மாட்டேங்குது. சின்ன மாமா போட்டோ ஞாபகம் வந்தது. பொய் சொல்லல. ஃபிரேம் போட்டு மாலை போட்ட அந்தப் படம் அப்படியே வந்தது.

பாப்பா ஞாபகமும் வந்தது. ஊதி விடுங்க அங்கிள். மல்லாந்து படுத்தேன். ஊதினேன். கையைத் தூக்கினேன். கயாக் ஒண்ணு வந்தது. பக்கத்துக் குப்பத்து மீனவத் தம்பி ஒருத்தர். "புடிச்சுக்கண்ணா. ஒண்ணும் அவசரம் இல்ல. கடல் எங்கயும் போவாது"ன்னார். கயாக்கைப் பிடிச்சுட்டு ஓய்வெடுக்கலாம், அதை வெச்சு முன்னேறக் கூடாது, அதுதான் விதி. ரெண்டு நிமிஷம் பிடிச்சுட்டுக் கிடந்தேன். அப்புறம் விட்டேன். முப்பது தடவை கையை வீசு, ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாரு. முப்பது, ஒண்ணு. முப்பது, ஒண்ணு. 29 நிமிஷத்துல மணல் கையில தட்டுச்சு.

சைக்கிள், ஓட்டம் பத்திப் பெருசா எழுத ஒண்ணுமில்ல. 52 நிமிஷம் எதிர்க்காத்துல மிதிச்சேன். சைக்கிள்ல இருந்து இறங்கி ஓட ஆரம்பிச்சா, கால் ரெண்டும் கடனுக்கு வாங்கின மாதிரி இருந்தது. பாதி ஓடி, பாதி நடந்து 41 நிமிஷம். மெடல் போட்டாங்க. வாழைப்பழம் குடுத்தாங்க. நல்ல வாழைப்பழம்.

அந்த இன்னொருத்தர்

மெடலோட கரைக்கு வந்தப்ப ஒருத்தர் தனியா மணல்ல உட்கார்ந்திருந்தார். நாப்பது வயசு இருக்கும். கையில விலை உயர்ந்த வாட்ச். காலையில ஸ்டாண்டுல என் சைக்கிளுக்குப் பக்கத்துல அவரோடதுதான் நின்னது, கார்பன் சைக்கிள், என் நாலு மாசச் சம்பளம் இருக்கும். எனக்குக் கொஞ்சம் முன்னாடி தண்ணியில இருந்தவர். அவரையும் ஒரு படகு தூக்கிருக்கு. ஆனா அவர் கையைத் தூக்கிக் கூப்பிடல. அவரால முடியல. மேல வந்து வந்து உள்ள போயிட்டு இருந்ததைப் படகுல இருந்தவர் பாத்துக் குதிச்சுத் தூக்கிருக்கார்.

"சார், இப்போ எப்படி இருக்கு?"ன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "ஆறு மாசமா சைக்கிளும் ஓட்டமும்தான் தம்பி பண்ணேன். குளத்துல நாலு லென்த் வரும். மீதியை எப்படியும் சமாளிச்சுடலாம், கூட்டத்தோட கூட்டமாப் போயிடலாம்னு சொன்னாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க தம்பி."

அவரும் எங்க குழுதானாம். வேற ஏரியா பேட்ச்.

அன்னிக்குச் சாயங்காலம் குழுவோட வாட்ஸ்அப்ல நூத்துக்கணக்குல போட்டோ. மெடலைக் கடிக்கற போட்டோ, தாவிக் குதிக்கற போட்டோ. "மனசு வெச்சா எதுவும் முடியும்"னு தலைப்பு. அந்த மனுஷனைப் பத்தி ஒரு வரி இல்ல. ஒரே ஒரு வரி இல்ல. நான் கேட்டேன். "நெகட்டிவ் விஷயம் வேண்டாம் பாஸ், புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க"ன்னு பதில்.

பயப்படட்டும்! அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கணக்குப் பேசுவோம்

2017-ல 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவுல 1985-ல இருந்து 2016 வரைக்கும் நடந்த ட்ரையத்லான்கள்ல இறந்தவங்க, இதயம் நின்னு பிழைச்சவங்க எல்லாரையும் சேர்த்தா 135 பேர். அதுல 90 பேருக்கு அது நடந்தது நீச்சல்ல. மூணுல ரெண்டு பங்கு! நாம "வெறும் மூணு சதவீதம்"னு சொன்னோமே, அந்த மூணு சதவீதத்துல.

நியாயமாவே பேசுவோம். மொத்தமாப் பாத்தா இது அரிதுதான், லட்சம் பேர்ல ரெண்டு பேர்கூட இல்ல. அந்த 90 பேருமே நீச்சல் தெரியாதவங்கன்னும் சொல்லிட முடியாது. வெளிய தெரியாத இதயக் கோளாறு பலருக்கு இருந்திருக்கு. ஆனா எந்தக் காரணமா இருந்தாலும் சரி, சைக்கிள்ல மூச்சு முட்டினா பிரேக் அடிச்சு நிக்கலாம். ஓட்டத்துல முட்டினா பிளாட்பாரத்துல உட்காரலாம். தண்ணியில நிக்கறதுக்கு இடம் கிடையாது. இதைப் புரிஞ்சுக்க ஆய்வே வேண்டாம்.

அப்ப, "யார் வேணும்னாலும் பண்ணலாம்"கறது பொய்யா? அரைப் பொய். யார் வேணும்னாலும் *கத்துக்கலாம்*. 84 கிலோத் தொப்பையோட இருபத்தேழு வயசுல நான் கத்துக்கிட்டேன், அறுபத்தொண்ணு வயசுக்காரர் பஞ்சர் ஒட்டிட்டு வந்து முடிச்சார். ஆனா கத்துக்காம இறங்கறதுக்குப் பேர் மன உறுதி இல்ல சாமி. அதுக்கு வேற பேர் இருக்கு.

நீச்சல்குளம் யாருக்கு?

இந்த இடத்துல சில அன்பர்கள் வருவாங்க. "ஐடி காசு கொழுப்பு, ஓடறதுக்கும் குளிக்கறதுக்கும் காசு கட்டற கூட்டம், இதுல என்ன புலம்பல்"னு. ஆபீஸ்லயே கேட்டாங்க. பாதி உண்மை, ஒத்துக்கறேன். என் சைக்கிள் செகண்ட் ஹேண்டுல பதினாலாயிரம். கண்ணாடி அறுநூறு. குளத்துக்கு மாசாமாசம் ஃபீஸ். இதெல்லாம் எல்லாராலும் முடியாது. ட்ரையத்லான் இல்லாம யாரும் செத்துப்போக மாட்டாங்க.

நீச்சல் இல்லாம செத்துப்போறாங்க. அதுதான் வித்தியாசம்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்திருக்காங்க. ஏறக்குறைய பாதிப் பேர் 29 வயசுக்குக் கீழ. இந்தியாவுல தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குல வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேல. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், பரீட்சை முடிஞ்ச மறுநாள், மே மாசம் - பேப்பரைத் திறந்தா எங்கயோ ஒரு குட்டையில, தடுப்பணையில, கடல்ல ரெண்டு பசங்க போட்டோ. ஒருத்தன் மூழ்கினான், காப்பாத்தப் போனவனும் மூழ்கினான். ஒரே மாதிரி செய்தி, பேர் மட்டும் வேற. நாமளும் "ஐயோ பாவம்"னு பக்கத்தைத் திருப்பிடறோம்.

எங்க அப்பிச்சி காலத்துல கிணறுதான் நீச்சல் ஸ்கூல். பொற்காலம்னு சொல்ல வரல, தயவுசெய்து. அந்தக் கிணத்துல எல்லாச் சாதிப் பசங்களும் குதிக்க முடியாது, பொம்பளைப் புள்ளைங்க வயசுக்கு வந்துட்டா கிணத்துப் பக்கமே கிடையாது. எங்கம்மாவுக்கு இன்னிக்கும் நீச்சல் தெரியாது, தம்பிக்கு மட்டும்தான் சொரைப்புருடை கட்டுனாங்க. ஆனா அதாச்சும் இருந்தது. ஆயிரம் அடி போர் போட்டோம், கிணறு வத்துச்சு. அப்பிச்சி கிணத்துல இப்போ குப்பையும் கருவேலமும்தான். ஸ்கூல் போச்சு. பதிலுக்கு என்ன வெச்சோம்? சுற்றறிக்கை.

சென்னையில மெரினாவுல மாநகராட்சி நீச்சல்குளம் இருக்கு, வேளச்சேரியில அரசு நீச்சல் வளாகம் இருக்கு. நல்லது. ஆனா கோடிக்கணக்குல மக்கள் இருக்கற மாநிலம் இது, அந்தப் பக்கம் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை, இந்தப் பக்கம் காவிரி, பவானி, வைகை, தாமிரபரணி. ஈரோட்டுல பொறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல, பதிமூணு வயசுல, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே வருஷத்துல ஆறு கடல் நீச்சல் முடிச்சு, மிஹிர் சென் சாதனையை முறியடிச்சார். அர்ஜுனா விருது வாங்கினார். அவர் பேரைச் சொல்லிப் பெருமைப்படறோம். சரி, அதுக்கப்புறம் எத்தனை தாலுகாவுல குளம் கட்டினோம்?

"குடிக்கவே தண்ணி இல்ல, இதுல நீச்சல்குளமா?" நியாயமான கேள்வி. வங்கதேசத்துல 'ஸ்விம்சேஃப்'னு ஒரு திட்டம். ஒலிம்பிக் குளம் எல்லாம் கட்டல. ஊர்க்குளத்துலயே மூங்கில் மேடை கட்டி, சுத்தி மூங்கில் அடைப்பு போட்டு, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி குடுத்து, நாலு வயசுக்கு மேல உள்ள சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. லட்சக்கணக்கான குழந்தைங்க கத்துக்கிட்டாச்சு. நம்மைவிடப் பணக்கார நாடா அது? மூங்கிலுக்கா பஞ்சம் நம்மகிட்ட?

"நீச்சல் தெரிஞ்சவன்தானே தைரியமா ஆத்துல இறங்கிச் சாகறான்? உன் மாமாவே அப்படித்தானே?" இதையும் ஒருத்தர் என் முகத்துக்கு நேரா கேட்டார். கேட்கட்டும், பதில் இருக்கு. மாமாவுக்குக் கிணத்து நீச்சல் தெரியும். ஓடற தண்ணி தெரியாது. எனக்குக் குளத்து நீச்சல் தெரியும், அலை தெரியாது. அந்த வாட்ச்காரருக்கு நாலு லென்த் தெரியும், தனக்கு என்ன தெரியாதுங்கறது தெரியாது. சொல்லிக் குடுக்கறதுன்னா கையை வீசச் சொல்லிக் குடுக்கறது மட்டும் இல்லைங்க. எங்க இறங்கக் கூடாது, இழுப்புல மாட்டினா எதிர்த்து நீந்தாம எப்படிப் பக்கவாட்டுல போறது, பதறினா எப்படி மல்லாந்து மிதக்கறது, மூழ்கறவனைப் பாத்தா குதிக்காம கயிறோ வேட்டியோ காலி கேனோ எப்படி வீசறது. எல்லாம் சேர்ந்ததுதான் நீச்சல். இன்னொண்ணும்: மூழ்கறவன் சினிமாவுல வர்ற மாதிரி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டான். வாய்க்குள்ள தண்ணி. சத்தமே இல்லாமப் போவான். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அந்தக் கரையிலதான் தெரிஞ்சது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்

நம்ம பதிவர்கள்ல ஓடறவங்க, மிதிக்கறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. நீங்க எழுதறதைப் படிச்சுத்தான் நானே ஓட ஆரம்பிச்சேன். இனிமே ரேஸ் பதிவு எழுதறப்ப தண்ணியில பயந்ததையும் எழுதுங்க. கயாக்கைப் பிடிச்சதை மறைக்காதீங்க. மெடல் போட்டோ பக்கத்துல, எத்தனை மாசம் குட்டைப் பக்கத்துல நின்னு மூக்குல தண்ணி ஏத்திக்கிட்டோம்னும் போடுங்க.

பயிற்சிக் குழு நடத்தறவங்களுக்கு: குளத்துல ரேஸ் தூரத்தைப் போல ஒண்ணரை மடங்கு நிக்காமப் போக வராதவரை, கடல்ல ரெண்டு தடவையாச்சும் கூட ஆள் வெச்சுப் பழகாதவரை, பேர் குடுக்க விடாதீங்க. ஃபீஸ் போனாப் போகுது. அவருக்கு ரெண்டு பொண்ணுங்க.

நான் அந்தக் குழுவுல இருந்து வெளிய வந்துட்டேன். வெளிய போட்டாங்கன்னும் சொல்லலாம் :-)

கடைசியா ஒண்ணு. ரேஸ் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஒன்பது மாசமா மறைச்சு வெச்சது. திட்டும், அழும்னு நினைச்சேன்.

"ஆழமா இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"காலு எட்டலையா?"

"எட்டல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டுச்சு, "நம்ம பாப்பாவுக்கு எங்க சேத்தி உடறது?" பாப்பா எங்க அக்கா பொண்ணு, ஆறு வயசு, அம்மாவோடதான் ஊர்ல இருக்கா.

எங்க ஊர்ல இருந்து பக்கத்துல இருக்கற நீச்சல்குளம் 38 கிலோமீட்டர். ரெண்டு பஸ் மாறணும். காவிரி ஒண்ணரைக் கிலோமீட்டர்தான்.

டிஸ்கி: பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட போய் ஈசிஜி எடுத்துக்குங்க. நான் எடுத்தேன். நல்லாத்தான் இருக்குன்னார், பரோட்டாவை மட்டும் குறைக்கச் சொன்னார். அந்த ரேஸைத்தான் இன்னும் முடிக்கல.